டிஸ்க்கில் வைத்த பொட்டு

படகுக்கு பிரேக் கிடையாது. எஞ்சினைத் தணித்தால் தண்ணீரே படகைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச தூரம் போகும். பிறகு நிற்கும். இருபத்தாறு வருஷமாகக் கடலூர் துறைமுகத்தில் படகு எஞ்சின் பிரிக்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஒரு வண்டி எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீரில் தெரிந்ததுதான்.

கார் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. பழைய கார், வெள்ளை. மஞ்சக்குப்பத்தில் அரசாங்க ஆபீஸ்களுக்குப் பின்னால் எங்கள் தெரு. வாசலில் ஒரு புங்கமரம். அதன் அடியில்தான் கார் நிற்கும். கடல் காற்று அதுவரை வரும். வந்து இரும்பை நக்கிவிட்டுப் போகும்.

சத்தம் ஐப்பசியில் ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் கீச்சென்று ஒன்று. தூரத்தில் ஏதோ பறவை கத்துகிற மாதிரி. காலை எடுத்தால் பறவை போய்விடும்.

என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. மழை ஈரம்."

மழை நின்றது. சத்தம் நிற்கவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் மழை ஈரம் என்றேன். கடைசியாகச் சொன்னபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

சிதம்பரத்தில் அவளுடைய அக்கா இருக்கிறார். கோயிலுக்குக் கிழக்கே, தேர் போகிற வீதியை ஒட்டி ஒரு சந்து. மாசத்துக்கு ஒரு ஞாயிறு போவோம். கார்த்திகையில் அப்படிப் போனபோது ஆலப்பாக்கம் தாண்டி ஒரு கன்றுக்குட்டி ரோட்டில் ஏறியது. மிதித்தேன். இரும்பும் இரும்பும் உரசின. கார் நின்றது. ஆனால் படகு நிற்கிற மாதிரி நின்றது. கொஞ்ச தூரம் போய், ரோட்டை விட்டு இறங்கி, கருவேல முள்ளில் மூக்கை வைத்து நின்றது. கன்று அதற்குள் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் பெல்ட் போட்டிருந்தாள். இருந்தாலும் கார் சரிந்து இறங்கியதில் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் நெற்றி இடித்தது. மூன்று தையல். பொட்டு வைக்கிற இடத்துக்கு ஒரு விரல் மேலே. பத்து நாள் நெற்றியில் பொட்டு இல்லாமல் இருந்தாள். பஞ்சு ஒட்டியிருந்தது.

திட்டவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று மட்டும் சொன்னாள்.

"மழை ஈரம்னு சொன்னீங்க."

அதோடு சரி. அதற்குப் பிறகு சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போனாள். தனியாக. நானும் வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. வாங்க என்று அவளும் சொல்லவில்லை. வீட்டுக்குள் பேச்சு இருந்தது. சோறு ஆச்சா, தண்ணி வந்துதா, கேஸ் தீர்ந்துபோச்சு. அந்த மாதிரிப் பேச்சு.

கார் ஐந்து மாசம் மரத்தடியிலேயே நின்றது. எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. சிதம்பரம் ரோட்டில் போய்க்கொண்டிருப்பேன். ரோடு மெல்லத் தண்ணீராகும். கார் மிதக்கும். வயலுக்கு அப்பால் கோபுரம் தெரியும். கிட்டே வராது. மிதியில் கால் வைப்பேன், மிதி தரை வரைக்கும் போகும், அதற்குக் கீழேயும் போகும். பயமாக இருக்காது. அதுதான் எழுந்த பிறகு பயமாக இருக்கும். பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தால் அதில் யாரும் இருக்க மாட்டார்கள்.

சித்திரையில் புங்கம்பூ கொட்ட ஆரம்பித்தது. கார் முழுக்க வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. பொரி தூவின மாதிரி. என் மச்சான், மனைவியின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கு அண்ணாமலை நகரில் ஆபீஸ் வேலை. வாய் சும்மா இருக்காது.

"மாமா, இது மேல பூசணிக் கொடி ஏத்தி விட்டுருங்க. நல்லா காய்க்கும்."

"பிரேக்கு மாத்தணும் மச்சான்."

"ஷெட்டுல விடுங்க. ரெண்டு மணி நேரத்துல முடிச்சிக் குடுத்துருவான்."

"நானே மாத்துறேன்."

"நீங்க படகு மெக்கானிக்கு. காருக்குத் துடுப்பு கிடுப்பு வச்சிடாதீங்க."

ஷெட்டில் விட்டால் அவளிடம் ஷெட்காரன் வார்த்தையைத்தான் கொண்டுபோய்ச் சொல்ல முடியும். கெட்டுப்போனது என் வார்த்தை. அதை மச்சானிடம் சொல்லவில்லை. சாமான் வாங்கி வரச் சொன்னேன். முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க், ஒரு செட் பேடு, பிரேக் ஆயில். போனில் வீடியோ நாலைந்து பார்த்தேன். பேசுகிற பாஷை புரியாவிட்டாலும் கை பேசுவது புரிந்தது.

அடுத்த ஞாயிறு காலையிலேயே மச்சான் வந்துவிட்டான். ஆபீஸ்கள் மூடியிருந்தன. தெருவில் ஆள் இல்லை. பூ விழுகிற சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது. பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். ஜாக்கி ஏற்றினேன். மரக்கட்டை முட்டுக் கொடுத்தேன். முன் சக்கரம் இரண்டையும் கழற்றி காருக்கு அடியில் படுக்கப் போட்டேன்.

மனைவி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள். ஆனால் அன்றைக்கு அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்து உருவினாள். அதை நான் கவனித்தேன்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு. காலிப்பர் அதைக் கவ்வுகிற இரும்பு வாய். அதற்குள் இரண்டு பேடு, டிஸ்க்குக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மிதித்தால் கவ்வும். விட்டால் விடும். கார் நிற்பது அவ்வளவுதான். இரண்டு போல்ட்டைக் கழற்றி, காலிப்பரை கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். ஆயில் போகிற ரப்பர் டியூப்பில் தொங்கவிட்டால் டியூப் அறுந்துபோகும். உள்ளே இருந்த பேடு கையோடு வந்தது.

பேடு என்றால் இரும்புத் தகட்டின் மேல் கறுப்பாக ஒரு விரல் கனத்துக்கு ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். இதில் இல்லை. வெறும் தகடு. உரசின கோடுகளில் துரு ஏறியிருந்தது. ஐப்பசியில் கத்தியது அந்தக் கறுப்பு தீரப் போகிறது என்றுதான். அப்போது மாற்றியிருந்தால் பேடோடு போயிருக்கும். கார்த்திகையில் தகடு டிஸ்க்கை உழுதுவிட்டது.

அதைச் சாக்குப் பைக்குள் போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எழுந்து போய் வாசற்படியில் அவள் பக்கத்தில் வைத்தேன்.

கீரைக் கையோடு எடுத்துப் பார்த்தாள். புதுசு ஒன்றையும் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"இதுதான் கத்துச்சா?"

"இதுதான்."

"மழை ஈரம் இல்ல."

"இல்ல."

தகட்டைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் கீரையை எடுத்தாள். மச்சான் ஜாக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பழைய டிஸ்க் வரவில்லை. உப்புக் காற்றில் துருப் பிடித்து அச்சோடு ஒட்டிப்போயிருந்தது. பின்பக்கம் சுற்றிச் சுற்றிச் சுத்தியால் தட்டினேன். படகில் புரொப்பல்லர் கழற்றுகிற மாதிரிதான். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் வராது. சுற்றி வரத் தட்டினால் ஒரு நேரத்தில் அதுவே மனசு வந்து விடும். விட்டது. எடுத்துப் பார்த்தால் முகமெல்லாம் வட்ட வட்டமாகப் பள்ளம்.

புதுசைப் பிரித்தேன். துரு வராமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். தின்னரில் துணியை நனைத்து இரண்டு பக்கமும் துடைத்தேன். மரமும் வானமும் அதில் தெரிந்தன. பூ விழுவது தெரிந்தது.

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "தாம்பாளம் மாதிரி இருக்கு."

ஐந்து மாசத்தில் காருக்கு அவ்வளவு கிட்டே அவள் வந்தது அப்போதுதான். நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாள் என்று இருந்தது. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மச்சான் புது டிஸ்க்கைத் தொடப் போனான்.

"கை வைக்காத மச்சான். இனிமே இதுல எண்ணெ படக்கூடாது. விரல் எண்ணெகூட."

"சரிங்க ஐயரே. குளிச்சிட்டு வரவா?"

எண்ணெய் படக்கூடாது என்று நான் சொன்னது அவள் உள்ளே போன பிறகு. அவள் காதில் விழச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

காலிப்பருக்குள் பேடைத் தள்ளுகிற பிஸ்டனைக் கிளாம்ப் வைத்துப் பின்னால் தள்ளி, புது பேடு வைத்து, காலிப்பரைப் பூட்டினேன். இரண்டு பக்கமும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. பிரேக் ஆயில் மட்டும் பாக்கி. பழசு டிகாஷன் மாதிரி கறுத்திருந்தது. புதுசு ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்துப் பக்கம், காலிப்பரில் இருக்கிற சின்னத் திருகை, நிப்பிளை, திறந்து மூட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மச்சானுக்கு போன். வீட்டில் தண்ணி மோட்டார் ஓடவில்லை, உடனே வா என்று. அவன் பைக்கை எடுத்தான். வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

"அக்கா, நீ ஏறி உக்காந்து மிதி. நான் கெளம்பறேன்."

"நான் ஏற மாட்டேன்."

"சக்கரமே இல்லக்கா அதுல. எங்க போயிடும்? சக்கரம் இல்லாத காரப் பாத்து பயப்படற ஆளு ஒலகத்துல நீ ஒருத்திதான்."

"வாயக் கொறச்சிட்டுக் கெளம்புடா."

அவன் போய்விட்டான். தெரு மறுபடி அமைதியாகிவிட்டது. நான் இடது சக்கரத்துப் பக்கம் தரையில் உட்கார்ந்து நிப்பிளில் டியூப்பைச் சொருகினேன். மறுமுனையைப் பாட்டிலில் விட்டேன். கேட்கவில்லை. காத்திருந்தேன். அவசரம் இல்லை. ஒரு பூ பாட்டிலுக்குள் விழுந்தது. எடுத்தேன். இன்னொன்று விழுந்தது.

டிரைவர் பக்கக் கதவு திறக்கிற சத்தம். கார் லேசாக அழுந்தியது.

"எது பிரேக்கு?"

"நடுவுல இருக்கறது."

"மிதிக்கவா?"

"மிதி."

நிப்பிளைத் திறந்தேன். கறுப்பு ஆயில் டியூப்பில் ஓடியது. குமிழி குமிழியாக வந்தது.

"கால் உள்ள போவுது."

"போவும். காத்து வெளிய வருது. அப்படியே பிடி." மூடினேன். "விடு."

மிதி. பிடி. விடு. எத்தனை தடவை என்று தெரியாது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. நடுவில் பானெட். கொஞ்ச நேரத்தில் நான் சொல்வதற்கு முன்னாலேயே அவள் மிதித்தாள், சரியாக. பக்கத்தில் எங்கோ குக்கர் விசில் அடித்தது. டியூப்பில் கறுப்பு போய்ச் செம்பழுப்பு வந்தது, பிறகு தேன் நிறம், பிறகு நிறமே இல்லாமல்.

வலது பக்கம் வந்து உட்கார்ந்தேன். அங்கே கதவு திறந்திருந்தது. அவள் கால் தெரிந்தது. மெட்டி. குதிகால் வெடிப்பு. செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு ஏறியிருந்தாள், கோயிலுக்குள் போகிற மாதிரி.

"இப்ப கெட்டியா இருக்கு," என்றாள். "உள்ள போவல."

"ஆமா. காத்து போயிடிச்சி."

இறங்காமல் இன்னும் இரண்டு தடவை மிதித்துப் பார்த்தாள். தேவையில்லை.

கை கழுவிச் சாப்பிட்டேன். அவள் முன்னாலேயே எழுந்துபோனாள். நான் வெளியே வந்தபோது இடது பக்க டிஸ்க்கில் ஒரு பொட்டு இருந்தது. மஞ்சள், நடுவில் குங்குமம். கண்ணாடி மாதிரி இருந்த முகத்தில், பேடு கவ்வி ஓடுகிற இடத்தில். வலது பக்கம் போய்ப் பார்த்தேன், இல்லை. இடது பக்கம் மட்டும். அவள் உட்காருகிற பக்கம்.

புது வண்டிக்கு, புது மெஷினுக்கு, புதுப் படகுக்கு வைப்பதுதான். துறைமுகத்தில் எஞ்சின் மாற்றினால் நானே வைத்திருக்கிறேன். ஆனால் அது மூடி மேல். இது வேறு. துடைத்திருக்க வேண்டும். துணி தோளில்தான் இருந்தது.

துடைக்கவில்லை. இவ்வளவு நாள் கழித்துக் காருக்குக் கிட்டே வந்தவள் தன் கையால் வைத்திருக்கிறாள். தண்ணீரில் குழைத்த குங்குமம், இரண்டு சுற்றில் பொடியாக உதிர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு மழை ஈரம்தான். அப்போது தெரியவில்லை. சக்கரத்தைப் பூட்டிவிட்டேன்.

"மைதானத்துல ஒரு சுத்து பாத்துட்டு வரேன்," என்றேன்.

சாவியைப் போட்டபோது பின் கதவு திறந்தது. அவள் இடது பக்கம் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் பர்ஸ். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

மஞ்சக்குப்பம் மைதானம் பெரியது. சாயங்கால வெயில் மண்ணில் படுத்திருந்தது. ஒரு ஓரம் கிரிக்கெட். ஓரத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். புது பேடைப் பழக்க வேண்டும். கொஞ்சம் வேகம் எடுத்து, மெல்ல மிதித்து, மறுபடி வேகம். முதல் தடவை நன்றாகப் பிடித்தது. இரண்டாவதும் பிடித்தது. காருக்குப் பின்னால் தூசி எழுந்து பொன்னாக நின்றது. கனவில் வந்த தண்ணீர் மாதிரி இல்லை. அடியில் மண் இருந்தது.

ஐந்தாவது தடவை இடது பக்கம் கீச்சென்றது. ஸ்டியரிங் கையில் வலது பக்கம் இழுத்தது. விளக்குத் திரி கருகுகிற வாசனை.

"என்ன சத்தம்?"

அதே இரண்டு வார்த்தை. அதே குரல். கண்ணாடியில் பார்த்தேன். முன் சீட்டின் முதுகைப் பிடித்திருந்தாள். தழும்பு தெரிந்தது. கீழே பொட்டு.

என் வாயில் ஒண்ணுமில்ல என்பது வந்து நின்றது. பழக்கம். சொன்னால் வீட்டுக்குப் போய்விடலாம். நாளைக்கு அவளுக்குத் தெரியாமல் கழற்றித் துடைத்துவிடலாம். எதுவும் கெடாது. அவள் மட்டும் இனிமேலும் பஸ்ஸிலேயே போவாள்.

காரை நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன்.

"நீ வச்ச பொட்டு."

"என்ன பொட்டுக்கு?"

"பேடு புடிக்கிற எடத்துல இருக்கு. புடிக்க முடியாம கத்துது. எண்ணெ ஏதாவது தொட்டு வச்சியா?"

கொஞ்சம் யோசித்தாள். "தண்ணியில கொழச்சேன். வழுக்கிச்சி, ஒட்டல. வெளக்கு எண்ணெயத் தொட்டு வச்சேன்."

"அதான்."

"நீங்க பாக்கலயா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா பூட்டுனீங்க?"

"நீ இவ்ளோ நாள் கழிச்சி வண்டிகிட்ட வந்த."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

வெளியே யாரோ நாலு ரன் அடித்தார்கள். சத்தம் கேட்டது.

"பேசாம இருந்தே ஆளக் கொல்லுவீங்க நீங்க."

டிக்கியிலிருந்து ஜாக்கியையும் சாமான் பையையும் எடுத்தேன். சக்கரத்தைக் கழற்றினேன். பொட்டு டிஸ்க்கு முழுக்க ஒரு மங்கலான மஞ்சள் வளையமாகப் பரவியிருந்தது. துணியில் தின்னரை ஊற்றினேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"குங்குமத்த அழிக்கக்கூடாது."

"பின்ன?"

"குடுங்க இங்க. வச்சவ நான். எடத்த மாத்தறேன்."

மண்ணில் உட்கார்ந்தாள். துணியை வாங்கினாள். பாத்திரம் துலக்குகிற மாதிரி, ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து, விட்டுப்போகாமல் துடைத்தாள். நான் டிஸ்க்கை மெல்லச் சுற்றிவிட்டேன். அவள் துடைத்தாள். பின்பக்கத்தையும் துணியை விட்டுத் துடைத்தாள். அதற்குப் பிறகு நான் பேடுகளைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தேன். கருகின மேல்தோல் போய் உள்ளே இருந்தது தெரிகிற வரைக்கும்.

நடந்துகொண்டிருந்த ஒருவர் நின்றார். தொப்பை, கையில் டவல்.

"என்ன சார், பஞ்சரா?"

"இல்லீங்க," என்றாள் அவள். "அலங்காரம்."

அவர் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனார்.

பர்ஸிலிருந்து கோயில் குங்குமப் பொட்டலத்தை எடுத்தாள். பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்தாள்.

"எங்க வைக்கலாம்? சொல்லுங்க. இந்த வாட்டி சொல்லிடுங்க."

அச்சின் நடுவைக் காட்டினேன். அங்கே பேடு வராது. பழைய துரு அப்படியே இருந்தது. அந்தச் சொரசொரப்பில் குங்குமம் தண்ணீரிலேயே ஒட்டிக்கொண்டது. எழுந்து வலது பக்கம் போனாள்.

"அந்தச் சக்கரத்தயும் கழட்டுங்க. நீங்க உக்கார்ற பக்கம்."

கழற்றினேன்.

மறுபடி சுற்றினோம். பிடித்தது. சத்தமில்லை. ஒரு பக்கம் இழுக்கவில்லை. நாலு தடவை, ஆறு தடவை. எட்டாவது தடவை நின்றபோது அவள் பின் கதவைத் திறந்து இறங்கினாள். வீட்டுக்கு நடந்து போகப் போகிறாள் என்று நினைத்தேன். முன் கதவு திறந்தது. உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் போட்டாள்.

"போங்க."

அடுத்த ஞாயிறு சிதம்பரம் போனோம். ஆலப்பாக்கம் தாண்டி அந்தக் கருவேல முள் வந்தது. போனது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டி டிக் டிக் என்று ஒன்று கேட்டது. வேகத்தோடு கூடியது, வேகத்தோடு குறைந்தது.

"அது என்ன?"

"தெரியல. எறங்கிப் பாக்கறேன்."

ஓரமாக நிறுத்தினேன். அவளும் இறங்கினாள். பின் டயர் வரியில் ஒரு ஜல்லிக்கல் சிக்கியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். வெயிலில் சூடாக இருந்திருக்கும். கையை மாற்றி மாற்றிப் பிடித்தாள்.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் வயலுக்கு அப்பால் கோபுரம் தெரிந்தது. கிட்டே வந்துகொண்டிருந்தது.

காரை வீதியிலேயே விட்டுவிட்டுச் சந்துக்குள் நடந்தோம். அக்கா வாசலிலேயே நின்றார். "ஏண்டி இவ்ளோ லேட்டு? பஸ்ஸு கெடைக்கலயா?"

அவள் கல்லை வாசல் ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"ஒரு சத்தம் கேட்டுச்சி. எறங்கிப் பாத்துட்டு வந்தோம்."